உறுமாத வண்டி

மின்சார பைக்குகளுக்கென்று நடக்கும் முதல் பந்தயம் அது. "உறுமாத வண்டியைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? நாளைக்குச் சத்தம் வரலேன்னா உனக்கு வேலை இல்லை" என்றார் அணி முதலாளி தனசேகர்.

"வரும் சார். நீங்க வழக்கம்போல போன் பேசிக்கிட்டிருங்க, அது போதும்" என்றாள் மெக்கானிக் அமலி.

மறுநாள் காலைப் பனியில் பைக்குகள் குளத்து மீன்கள் போல வழுக்கிச் சென்றன. காற்றின் ஓசை மட்டும் கேட்டது. கனவு காண்கிறவர்களைப் போலக் கூட்டம் சொக்கி உட்கார்ந்திருந்தது.

இருபது வருஷமாக இன்ஜின் இரைச்சலில் கத்தியே பேசிப் பழகிய முதலாளி போனில் கத்தினார்: "கடைசி ரவுண்டுல எல்லாரும் நம்ம பையனுக்கு வழி விட்டுடுவானுங்க. பேசி முடிச்சாச்சு."

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மைதானமே உறுமியது.

டயரைத் துடைத்தபடியே அமலி கேட்டாள், "இந்தச் சத்தம் போதுமா சார்?"