மைதானத்து ஈரம்

மேட்டுக் கல்லூரி கால்பந்தில் ஆற்றுக்கரைக் கல்லூரியை வென்றதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. இந்த வருஷம் மழையால் ஆட்டம் ரத்தாகி, ஆளுக்கொரு புள்ளி கிடைத்தது. அந்த ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டுக் கல்லூரி அரையிறுதிக்குள் தொற்றி நின்றது.

தாளாளர் ஞானாபரணத்துக்கு அது போதவில்லை. மைதானத்துக்கு எதிரே ரசிகர்கள் கூடியிருந்த டீக்கடையில் மைதானக் காவலர் வியாகுலத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தண்ணிய வடிச்சிருந்தா அஞ்சு கோல் போட்டு ஜெயிச்சிருப்போம். இல்லேன்னு எவனும் சொல்லாதபடி நீயே நிரூபிச்சுக் காட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"அதுக்கென்ன சார், நிரூபிச்சிரலாம்," என்றார் வியாகுலம். "ஆத்துக்கரைப் பையங்க நம்ம காலேஜ் வாசல்ல பஸ்ஸோட நிக்காங்க. நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு முந்தியே சொல்லி வச்சேன், மறுபடி ஆடச் சம்மதம்னுட்டாங்க. நடுவரும் வந்திருக்காரு. நீங்க தலையாட்டினா போதும்."

"தோத்தா அந்த ஒரு புள்ளியும் போயிருமே," என்று ஒரு ரசிகன் முனகினான்.

தாளாளர் மைதானத்தைப் பார்த்தார். வெயிலில் புழுதி பறந்தது. மேய வந்த ஆடு ஒன்று தும்மியது.

"இன்னும் ஈரமாத்தான் இருக்கு," என்றார்.

"ஆமா சார். அப்போ நாளைக்கு வேலைக்கு வாரேன். அரையிறுதி அன்னைக்கும் காயாம பாத்துக்கிடணும்லா?"