மேகத்தின் எடை

முன்னொரு காலத்தில், மேகங்களுக்கு இப்போது இருக்கிற அவசரம் இல்லாத காலத்தில், ஒரு நாடு இருந்தது. பெயர் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டை மகிழ்வர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். மதியம் சாப்பிட்டதும் தூங்குவார், தூங்கினால் கனவு காண்பார், கண்ட கனவை யாராவது உடனே செய்து தரவேண்டும் என்பார். அது ஒன்றுதான் அவரிடம் குறை.

அந்த நாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. யாராவது புதிதாக ஒரு தொழில் தொடங்க விரும்பினால் அரண்மனைக்கு வரலாம். சபை நடுவே ஆளுயரத் தராசு ஒன்று தொங்கும். வருகிறவர் தன் தொழிலில் அதுவரை உள்ளது எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைக்கவேண்டும். மறு தட்டில் கருவூலம் எடைக்கு எடை பொன் வைக்கும். ராஜாவின் தாத்தா போட்ட சட்டம் அது. நல்ல எண்ணத்தில்தான் போட்டார், பாவம்.

ஆனால் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? புதிது என்று எதைச் செய்தாலும் கனமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருவன் செய்த விசிறியை வீச நாலு பேர் வேண்டும். ஒருவன் ஈயத்தில் குடை செய்தான். விரித்தவன் விரித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எறும்பு விரட்ட வெண்கலத்தில் ஒரு கருவி வந்தது, கன்றுக்குட்டி எடை. எறும்புகள் அதன் நிழலில் குடும்பம் நடத்தின. இதையெல்லாம் எடை போட்டுப் பொன் அளந்தவர் கருவூல அதிகாரி அரிகேசரியார். கனமானதெல்லாம் நல்லது என்பது அவர் கட்சி. அவரும் கனமான ஆள்தான்.

ஒரு மாசி மாத மதியம் ராஜா கண் விழித்தார். முகமெல்லாம் ஒரு மயக்கம். நேராக சபைக்கு வந்தார்.

"கனவில் நான் ஒரு மேகத்தைக் குடித்தேன். கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. இதைச் செய்து தரக்கூடியவர் நம் நாட்டில் எங்கோ இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்து உதவுங்கள்" என்றார்.

ஏழு மாதமாக மழை இல்லை. மேகங்கள் வரும், ஊரைப் பார்க்கும், போய்விடும்.

அரிகேசரியாருக்கு விகடகவி வெள்ளியம்பலத்தைக் கண்டாலே ஆகாது. ராஜா அவனோடு சிரிக்கிறார், தன்னோடு சிரிப்பதில்லை என்ற வயிற்றெரிச்சல். அவர் எழுந்து வணங்கினார்.

"மன்னர் மன்னா, இப்பணிக்கு விகடகவியே தகுதியானவர். ஆளைக் கண்டுபிடிக்கட்டும், தராசுச் சட்டப்படி பொன் தருகிறேன். பொன் பெற்ற நாற்பதாம் நாள் தங்கள் கிண்ணத்தில் மேகம் இல்லையேல், அவர் இந்நாட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விடவேண்டும்."

"சம்மதமா வெள்ளியம்பலம்?" என்றார் ராஜா.

"சம்மதம் மன்னா. எல்லை எந்தப் பக்கம் என்று மட்டும் இப்போதே காட்டிவிடச் சொல்லுங்கள். அவசரத்தில் வழி தவறிவிடுவேன்" என்றான் வெள்ளியம்பலம்.

செய்தி பரவியதும் கனமான ஆட்கள் வந்து குவிந்தார்கள். மேகத்துக்கு ஏறச் செம்பு ஏணி, மேகத்தை அடைக்கப் பித்தளை அண்டா, மேகத்தை மிரட்டப் பீரங்கி. வெள்ளியம்பலம் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினான். சந்தைகளில் உட்கார்ந்தான். யார் தன் சாமானைப் பற்றிப் பேசாமல் தான் பார்த்ததைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பதினோராவது சந்தையில், காடை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"காடைக்குக் கட்டுன வலையை எடுக்க மறந்துட்டேன் அக்கா. காலையில போய்ப் பாத்தா என் ஆடு வலையை நக்கிட்டு நிக்குது. உப்பு ஏதும் ஒட்டியிருக்கோன்னு தொட்டுப் பாத்தா தண்ணி! மழையே இல்ல, எங்கிருந்து தண்ணி?"

வெள்ளியம்பலம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெயர் சடைச்சி. பஞ்சுமலை உச்சியில் நாற்பது குடும்பம் உள்ள ஊர் அவளுடையது. அந்த மலை பாதி நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். ஆனால் ஊற்று வற்றிவிட்டது. இந்தக் கோடைக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் ஊரே மலையை விட்டு இறங்கி, கற்குழியில் கல் உடைக்கப் போகவேண்டியதுதான். அவள் அம்மா ஏற்கெனவே சட்டி பானையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"அப்புறம் என்ன செய்தாய்?" என்று கேட்டான் வெள்ளியம்பலம்.

"மறுநாளும் கட்டுனேன் சாமி. சொட்டு. இடத்தை மாத்திக் கட்டுனேன், ஒண்ணுமில்ல. காத்துக்குக் குறுக்கே கட்டுனேன், அரைச் செம்பு. பெரிய பெரிய வலையா மலை முழுக்கக் கட்டுனா ஊருக்கே குடிதண்ணி வந்துரும். நூல் வாங்கத்தான் வழியில்ல."

"கட்டிப் பார்த்து சரிவராமல் போனால்?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "வேற நூல்ல பின்னுவேன். வேறென்ன செய்ய?"

இதற்கு மேல் ஒரு வார்த்தை அவனுக்குத் தேவைப்படவில்லை.

சபையில் சடைச்சி தன் பழைய காடை வலையைத் தட்டில் வைத்தாள். தராசு அசையவே இல்லை. அரிகேசரியார் ஒரே ஒரு பொற்காசை எடுத்து மறு தட்டில் வைத்தார். வலை மேலே போய்விட்டது.

"ஒரு காசுக்கும் குறைவு. இருந்தாலும் பெருந்தன்மையாக முழுக்காசையும் தருகிறேன்" என்றார். சபை சிரித்தது. சடைச்சி தலை குனிந்தாள். ஒரு காசுக்கு ஒரு வலைக்கான நூல்கூட வராது.

"சட்டத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள் மன்னா" என்றான் வெள்ளியம்பலம்.

வாசித்தார்கள். தொழிலில் அதுவரை உள்ளது எல்லாவற்றையும் தட்டில் வைக்கவேண்டும்.

"எல்லாவற்றையும் வைக்கவில்லையே! காற்று எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பது இந்தப் பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. எந்தப் பாறையில் கட்டினால் சொட்டும் என்பது கண்ணில் இருக்கிறது. முடிச்சு விரலில் இருக்கிறது. தொழிலில் இதுவரை உள்ளது இவ்வளவுதான். இதை மட்டும் தனியாகக் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை மன்னா. அரிகேசரியாருக்குத் தெரிந்தால் கழற்றட்டும். இல்லையென்றால் ஆளையே வைத்துவிடுகிறேன்" என்றான்.

ராஜா தலையசைத்தார். சடைச்சி கூச்சத்தோடு தட்டில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தாள். தட்டு தரையைத் தொட்டது. அரிகேசரியார் மூட்டை மூட்டையாகப் பொன் கொண்டுவந்து வைக்க வைக்க, அவள் மெல்ல மெல்ல மேலே எழுந்து, சபை நடுவே அந்தரத்தில் ஆடினாள். ராஜாவுக்குத் தன் கனவு மறுபடி வந்ததுபோல இருந்தது.

மலையில் வேலை நடந்தது. மெல்லிய பருத்தி நூலில் ஆள் உயர வலைகள். மொத்த ஊரும் பின்னியது. கட்டி வைத்த சட்டி பானையை அவிழ்த்துக்கொண்டு சடைச்சியின் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். வெள்ளியம்பலம் அடிக்கடி மேலே போவான். யோசனை ஒன்றும் சொல்லமாட்டான். கம்பு பிடிப்பான், பசித்தால் களி கேட்பான். முப்பத்தேழாம் நாள் வலைகள் எல்லாம் ஏறின. வெள்ளைச் சரிவில் வெள்ளை வலை. எது மேகம் எது வலை என்று தெரியாமல் மலையே மிதந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காலை எல்லாம் கிழிந்து தொங்கின.

சடைச்சி பாறையில் உட்கார்ந்து அழுதாள். "உங்க பேரையும் கெடுத்துட்டேனே சாமி. எங்க சனத்தையும் நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டேனே."

வெள்ளியம்பலத்துக்கு விகடம் ஒன்றும் வரவில்லை. சும்மா பக்கத்தில் போய் நின்று ஒரு கிழிசலைக் கையில் பிடித்தான். கை நனைந்தது. பிழிந்தான். ஒழுகியது.

"எதனால் கிழிந்தது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நூலை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். "பருத்தி தண்ணியைக் குடிச்சு ஊதிப்போச்சு. பாரம் தாங்காம அறுந்திருக்கு." நூலை விரலில் முறுக்கிப் பார்த்தாள். "கத்தாழை நார்ல பின்னியிருக்கணும். அது குடிக்காது, வழிய விட்டுரும்."

"அதாவது தண்ணீர் அதிகமாகப் பிடித்ததால் கிழிந்தது!"

"ஆமா... ஆனா இன்னும் ரெண்டு நாள்தான் சாமி. கத்தாழை உரிக்கவே பத்து நாள் ஆகுமே. இதைக் குடத்துல பிழிஞ்சு கொண்டுபோவோமா?"

"கிணற்றுத் தண்ணீர் என்பார் அரிகேசரியார். நாம் கொண்டுபோனால் யாரும் நம்பமாட்டார்கள். அவரையே கொண்டுவர வைப்போம்" என்றான் வெள்ளியம்பலம். "வலைகளை அவிழ்க்காதே. அப்படியே தொங்கட்டும்."

மறுநாள் முழுக்க அவன் அரண்மனை வாசலில் வெற்றிலைக் கடைக்கு முன்னால் உட்கார்ந்து புலம்பினான். அரிகேசரியாரின் பல்லக்குத் தூக்கிகள் வெற்றிலை போடும் இடம் அது.

"ஐயோ, வலையெல்லாம் கிழிந்து தொங்குகிறதே! நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் போய் ஒளித்துவிடவேண்டும். அரிகேசரியார் கண்ணில் பட்டால் தொலைந்தேன்!"

நாற்பதாம் நாள் விடியும்போது அரிகேசரியார் மலை உச்சியில் இருந்தார். மேகத்துக்குள் தட்டுத் தடுமாறி, கிழிந்த வலைகளைத் தன் கையாலேயே அவிழ்த்தார். ஒரு இழை குறையக் கூடாது என்று தோல் பைகளில் திணித்து, வாயைக் கட்டி, தன் முத்திரையைக் குத்தினார். வேட்டி நனைந்துபோனது. வியர்வை என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம்.

மதியத்துக்கு முன் சபை கூடியது. சடைச்சியும் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மலை ஜனம் பாதி நின்றது.

"மன்னா, இதோ தங்கள் மேகம்!" என்று அரிகேசரியார் பைகளை இறக்கினார். "ஒரு பெண்ணின் எடைப் பொன் கந்தலாகிவிட்டது."

வெள்ளியம்பலம் தழுதழுத்த குரலில் கேட்டான். "அரிகேசரியாரே, வழியில் யாராவது எங்கள் வலையில் கை வைத்திருக்கலாம் அல்லவா?"

"ஒருவரும் தொடவில்லை! நானே அவிழ்த்தேன், நானே கட்டினேன். முத்திரையைப் பாருங்கள். என் குலதெய்வத்தின் மேல் ஆணை!"

"அப்படியானால் நான் சொல்ல ஒன்றுமில்லை" என்று வெள்ளியம்பலம் நகர்ந்து நின்றான்.

"சட்டப்படி எடை போடுவோம்" என்றார் அரிகேசரியார். அவமானத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் அவருக்கு. "இவர்கள் வாங்கிய நூலின் எடை இரண்டு துலாம். மிச்சம் எவ்வளவு என்று சபை பார்க்கட்டும்." இரண்டு துலாம் கல்லை ஒரு தட்டில் வைத்தார். முத்திரையை உடைத்து வலைகளை மறு தட்டில் கொட்டினார்.

வலைத் தட்டு டொம் என்று தரையில் இடித்தது. கற்கள் மேலே பறந்தன.

அரிகேசரியார் இன்னொரு துலாம் வைத்தார். அசையவில்லை. இன்னொன்று. அப்போது எல்லோருக்கும் ஒரு சத்தம் கேட்டது. தட்டிலிருந்து பளிங்குத் தரையில் சொட்டு சொட்டாக விழுகிற சத்தம். மாதக்கணக்காக அந்த நாடு கேட்காத சத்தம்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். ஒரு கிழிசலை எடுத்துத் தன் பொற்கிண்ணத்தில் பிழிந்தார். கிண்ணம் நிறைந்தது. குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

"இதேதான். கனவில் குடித்த அதே குளிர்ச்சி" என்றார்.

"மன்னா, வலை கிழிந்துவிட்டதே!" என்றார் அரிகேசரியார்.

"ஆமாங்க ராசா, கிழிஞ்சுதான் போச்சு" என்றாள் சடைச்சி. "பாரம் தாங்கல. அடுத்ததைக் கத்தாழை நார்ல பின்னுறேன். நாரு வரைக்கும் யோசிச்சு வச்சிட்டேன்."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். நனைந்த வேட்டியோடு நிற்கும் அரிகேசரியாரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. தூண்கள் அதிரச் சிரித்தார். "மேகத்தைச் சுமந்துவந்தவர் என் கருவூல அதிகாரி! அதற்குச் சத்தியமும் செய்துவிட்டார்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மலை ஜனம் மலையிலேயே இருக்கட்டும், கற்றாழை நாருக்கு வேண்டியதை அரண்மனை தரட்டும் என்று அப்போதே உத்தரவாயிற்று. சடைச்சியின் அம்மா கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இனிமேல் புதுத் தொழிலோடு வருகிறவர்கள் முதலில் தாங்களே தட்டில் ஏறவேண்டும், சாமான் பிறகுதான் என்று சட்டமும் மாறியது. ஈயக் குடைக்காரனுக்கு மட்டும் அதில் வருத்தம். அவன் மிகவும் ஒல்லி.

"வெள்ளியம்பலம், இந்த ஆளைத் தேடிப் பிடித்தவன் நீ. உன் எடைக்கு எடை பொன் தருகிறேன். ஏறு தட்டில்!" என்றார் ராஜா.

அரிகேசரியார் முந்திக்கொண்டார். "இப்போதே போட்டுவிடலாம் மன்னா. இவர் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை."

வெள்ளியம்பலம் பணிவாக வணங்கித் தட்டில் ஏறினான். ஏறியவன், அதில் கிடந்த ஈர வலைகள் அத்தனையையும் வாரி மடியில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தான். அரிகேசரியார் தலையில் கை வைத்தார்.

"என்னய்யா இது?" என்றார் ராஜா.

"என் தொழிலில் இதுவரை உள்ளது இவ்வளவுதான் மன்னா. எல்லாவற்றையும் வைக்கவேண்டும் என்பது சட்டம்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். பொன் ஏற ஏற வெள்ளியம்பலம் சொட்டிக்கொண்டே மேலே போனான். அந்தப் பொன்னை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்கிறார்கள். பன்னிரண்டாவது சந்தையில் ஒருவன், காற்று எங்கே போய்ப் படுக்கிறது என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். வெள்ளியம்பலம் பொன் மூட்டையோடு அவனிடம் போய் உட்கார்ந்துவிட்டானாம்.