அமலோற்பவத்தின் நாலாவது கட்டை

ஜீன்ஸ் துணியைச் சதுரம் சதுரமாக வெட்ட வேண்டும். பிசினோடு அது இறுகுவதற்கான மருந்தைக் கலந்து, ஒவ்வொரு துண்டையும் நனைத்து அடுக்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கிளாம்பைத் திருகி இறுக்கினால் மறுநாள் கட்டை. அறுத்துத் தேய்த்தால் கத்திக்குக் கைப்பிடி. ஆசான் தஸ்நேவிஸ் சொல்லித்தந்தது இவ்வளவுதான்.

அமலோற்பவம் சந்தையில் மீன் வெட்டுகிறவள். ஆசானைவிடப் பத்து வயது மூத்தவள். கடையில் வாங்கிய கத்தியின் கைப்பிடி ஒருநாள் அடுக்கடுக்காகப் பிரிந்தது. அலகு திரும்பி உள்ளங்கையில் இறங்கியது. இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

"நீ பிடிச்ச பிடி சரியில்ல" என்றான் கடைக்காரன்.

இனி அடுத்தவன் செய்த கைப்பிடியை நம்பிக் கத்தி எடுப்பதில்லை என்று ஆசானிடம் வந்துவிட்டாள்.

வாரம் ஒன்றாக மூன்று கட்டை செய்தாள். ஆசான் ஒவ்வொன்றின் ஓரத்திலும் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். மூன்றும் நைந்த பாடப்புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்தன.

நாலாவதைத் திருகும்போது ஆசான் பக்கத்தில் நின்றார்.

"போதும்க்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. போதும் என்று சொல்ல இவருக்கென்ன, கிழிந்தது இவர் கையா? வழக்கம்போலக் கிளாம்பைக் கடைக்காரனின் கழுத்தாக நினைத்து இன்னும் இரண்டு சுற்றுத் திருகினாள்.

மறுநாள் உளி விழுந்தது. அதுவும் பிரிந்தது. உள்ளே துணி வெளுத்துக் காய்ந்து கிடந்தது.

"இனிமே ஆசானும் இல்ல, கீசானும் இல்ல. தம்பி, நேராவே கேக்கேன். அதே துணி, அதே பிசின். உம்ம கட்ட மேல லாரி ஏறினாலும் பிரியாது. என் கட்ட மட்டும் ஏன் பிரியுது? எதையோ மறைக்கீரு."

"மறைக்கலக்கா."

"மீன்காரிக்கு எதுக்கு இந்தத் தொழில்னு நெனச்சிட்டீரு. அந்தக் கடைக்காரனுக்கும் உமக்கும் என்ன வித்தியாசம்? அவன் என் விரல முடக்கினான், நீரு என் பொழப்ப முடக்குதீரு. மறைச்சு வச்சிருக்கத என் கையில தாரும். இல்லன்னா இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

சொன்னபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆசானுக்குக் காது சிவந்தது. நிமிர்ந்து பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். உளியை எடுத்துக்கொண்டு, அவளுடைய கிளாம்பு நின்ற மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்தார். தரையில் எதையோ சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஊத்தப்பம் கனத்துக்கு ஒரு வில்லை இருந்தது. வேட்டி நுனியால் தூசியைத் துடைத்தார். மஞ்சள் கண்ணாடி போல வெளிச்சம் உள்ளே புகுந்து வந்தது.

அதை அவள் கையில் வைத்தார்.

"என்னது இது?"

"பிசின்க்கா. நாலு கட்டைக்கும் நான் அளந்து குடுத்தது, பிதுங்கிக் கீழ வடிஞ்சிருக்கு. அடுத்த தடவ கொஞ்சத்த உள்ளயே விட்டு வைங்க."