சீல் வைத்த அறிவிப்பு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சிஷ்யன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையில் சிஷ்யருக்கு ஐம்பத்து நாலு வயது. பெயர் அருமைநாயகம். பல்கலைக்கழகத்தின் இணையதளம் அவர் பொறுப்பு. குரு ரஹ்மத் நிஷாவுக்கு முப்பத்தொன்று. கல்வியியல் துறையில் உதவிப் பேராசிரியை. பிறவியிலேயே பார்வை கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிஷா நடத்திய முதல் பாடமே, "மானிட்டரை அணைங்க சார்" என்பதுதான்.

அணைத்தார். திரையை வாசித்துச் சொல்லும் செயலியின் குரலை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, தான் கட்டிய தளத்துக்குள்ளேயே வழி தெரியாமல் முட்டி மோதினார். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வெட்கத்தில் பக்கம் பக்கமாகப் பிரித்துப்போட்டுத் திருத்தினார். ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டுப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொன்னவன் தவசி. அவனுக்கும் பார்வை கிடையாது. எம்.ஏ. வரலாறு.

போன வாரம் விருது வந்தது. பார்வையற்றவர்களும் தடையில்லாமல் பயன்படுத்தக்கூடிய தளம் என்று மாநில அளவில் முதலிடம். கேடயத்தைப் பையில் போட்டுக்கொண்டு அருமைநாயகம் நேரே குருவின் அறைக்குப் போனார். கால் தரையில் பாவவில்லை.

"தொட்டுப் பாருங்க மேடம். பாராட்டுப் பத்திரத்துல தவசி சொன்னதை அப்படியே போட்டிருக்காங்க. 'இப்போது யாரையும் கேட்காமல் நானே தெரிந்துகொள்கிறேன்.' எப்படி!"

நிஷா கேடயத்தைத் தொடவில்லை.

"தவசி ஊருக்குப் போயிட்டான் சார். அவங்க அண்ணன் வந்து பெட்டியோட கூட்டிட்டுப் போனார்."

"ஏன்? இருபதாம் தேதி அரியர் பரீட்சை எழுதினானே?"

"எழுதல. தேதி தெரியாது."

"என்ன மேடம் இது! ஆறாம் தேதியே தளத்துல போட்டாச்சே!" அருமைநாயகம் போனை எடுத்து அறிவிப்பைத் திறந்தார். "இதோ இருக்கு பாருங்க. 'துணைத் தேர்வு எழுத விரும்பும் மாணவர்கள்...'"

"நீங்க வாசிக்காதீங்க. அது வாசிக்கட்டும்."

செயலியை ஓடவிட்டார்.

"படம்" என்றது போன். அவ்வளவுதான். அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டது.

அருமைநாயகத்துக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அறிவிப்பை எழுத்தாகத்தான் போட்டார், குரு சொல்லிக்கொடுத்த மாதிரி. பத்து நிமிஷத்தில் தேர்வுப் பிரிவிலிருந்து போன். கையெழுத்து எங்கேய்யா, சீல் எங்கேய்யா, சீல் இல்லாட்டி எவன் நம்புவான் என்று ஒரே சத்தம். கையெழுத்தும் சீலும் போட்ட தாளை ஸ்கேன் பண்ணி அனுப்பினார்கள். எழுத்தைத் தூக்கிவிட்டுப் படத்தைப் போட்டார். எழுத்தைச் சாயங்காலம் கீழே சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். விருதுக் குழு அன்றைக்குத்தான் தளத்தைப் பார்க்க வந்திருந்தது; அந்தப் பரபரப்பில் மறந்தேபோனார்.

"முகப்புல கட்டடம், தோட்டம்னு எத்தனை படம் ஓடுது. அதுல ஒண்ணுன்னு தவசி நினைச்சிருக்கான்" என்றார் நிஷா. "இந்த ஒரு பேப்பர் முடிஞ்சிருந்தா அவனுக்குக் கிடைக்கவிருந்த கல்லூரி வேலையில சேர்ந்திருப்பான். இனி அதுக்கு வேற ஆள் போட்டுருவாங்க."

அருமைநாயகம் எழுந்து தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஓடினார்.

"தப்பு என்னோடது சார். பையனுக்குத் தனியா ஒரு பரீட்சை வைங்க."

அதிகாரி சிரித்தார். "தெரியலைன்னு அவன் எப்படிய்யா சொல்லலாம்? கண்ணு தெரியாதவங்களுக்குன்னே செஞ்ச தளம்னு விருது வாங்கியிருக்கோம். அதுலதானே அறிவிப்பு போட்டிருக்கு? பத்திரத்துல அவனே சொல்லியிருக்கானே!"

"அந்த அறிவிப்பை அவனால வாசிக்க முடியாது சார். எழுதிக் குடுக்கறேன்."

"எழுதினா விருதைத் திரும்ப வாங்கிக்குவாங்க. உம்ம பதவி உயர்வும் அதோட போச்சு. பார்த்துக்கும்."

அருமைநாயகம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். விருதுக் குழுவுக்கு ஒன்று, துணைவேந்தருக்கு ஒன்று. அதிகாரி இரண்டையும் வாசித்துவிட்டு, கேள்வித்தாள் கட்டெல்லாம் திரும்பப் போய்விட்டது, இனி ஏப்ரலில்தான் என்றார்.

திரும்பி வந்தபோது நிஷா அதே இடத்தில் இருந்தார். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எழுதிக் குடுத்துட்டேன் மேடம். பரீட்சை கிடையாதாம்."

"தவசிகிட்ட சொன்னீங்களா?"

"வர்ற வழியில போன் பண்ணினேன். 'பரவாயில்ல சார், நான்தான் பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கணும்'னு சொல்றான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

அருமைநாயகம் கேடயத்தைப் பையோடு காலுக்கடியில் வைத்தார். அறிவிப்புகளையெல்லாம் இன்றைக்கே எழுத்தாக மாற்றிவிடுகிறேன் என்றார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். தளம் குப்பையா கிடந்த காலத்துல அவன் ஒரு பரீட்சையைக்கூட விட்டதில்ல. அப்ப எப்படி எழுதினான்?"

"அப்ப தினமும் நாலு பேரைக் கேப்பான் சார்" என்றார் நிஷா. "உங்களை நம்பல."