வெள்ளைக் கல்லில் விழுந்த கோடு

கல்லோடைக் காட்டில் மூக்காயி என்றொரு பெருச்சாளி இருந்தாள். இரண்டு பெரிய கரும்பாறைகளுக்கு நடுவே இருந்த இடுக்குதான் அவள் வீடு. உள்ளே ஐந்து குட்டிகள், இன்னும் கண்கூடத் திறக்காதவை. வீட்டுக்கு ஒரே வாசல். பொழுது சாய்ந்தால், பெருச்சாளி வழக்கப்படி உள்ளிருந்தே மண் குழைத்து வாசலை அடைத்துவிடுவாள்.

அந்த வருஷம் பெய்த மழை இருக்கிறதே, அது சாமானிய மழையா! மண்ணெல்லாம் கஞ்சியாகிவிட்டது. அடைக்க அடைக்க வழிந்தது. ஒருநாள் சாயங்காலம் நல்லதம்பி என்ற நரி வந்து, ஈர மண்ணை ஒரே தட்டில் தள்ளிவிட்டு மூக்கை உள்ளே நீட்டினான். பேரு மட்டும்தான் நல்லதம்பி! மூக்காயி அந்த மூக்கில் வைத்த கடியில், அப்போதைக்கு ஓடிப்போனான். ஆனால் நாளைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினான்.

மறுநாள் விடிந்ததுமே மூக்காயி யோசித்தாள். மண்ணை நம்பினால் குட்டிகள் மிஞ்சாது. கல்தான் வேண்டும். உள்ளிருந்து ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டால் நரியால் இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. பாறையாக இருப்பதால் பக்கவாட்டில் தோண்டவும் வழியில்லை. அந்தக் கல்லைப் பிறாண்டி உடைத்தால்தான் உண்டு.

ஓடைக்கரைக்கு ஓடினாள். அவள் நல்ல நேரம், வெள்ளம் இரண்டு பலகைக் கற்களைக் கொண்டுவந்து போட்டிருந்தது. இரண்டும் வாசலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தன. இரண்டும் வெள்ளை. இரண்டிலும் ஒரே செம்மண் கறை. தூக்கிப் பார்த்தால் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் ஒன்று மாக்கல். அதைப் பொடித்துத்தான் ஊரில் கோலம் போடுகிறார்கள், அவ்வளவு மெத்து. இன்னொன்று வெங்கச்சங்கல். ஒன்றோடொன்று தட்டினால் நெருப்புப் பொறி பறக்குமே, இரும்பு மாதிரி இறுகிய அந்தக் கல். எது எது என்று நமக்குத் தெரிந்து என்ன புண்ணியம்? மூக்காயிக்கல்லவா தெரிய வேண்டும்!

நகத்தால் கீறிப் பார்க்கலாமென்றால், சேற்றையும் சரளையையும் வாரிக் கொட்டி நகமெல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. சரி, கடித்துப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தாள்.

"பல்லு போயிரும்க்கா!" என்று மேலே மருதமரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சோணை என்ற காக்கைதான் அது. நல்லதம்பி தின்று போட்ட மிச்சத்தில் வயிறு வளர்ப்பவன். எலிக்கும் பெருச்சாளிக்கும் பல் போனால் சோறு போயிற்று என்று ரொம்ப அக்கறையாக எடுத்துச் சொன்னான். கல்லைக் கல்லால் பார்ப்பதுதான் முறை, ஒன்றின் விளிம்பால் இன்னொன்றின் மேல் தேய்த்தால் எதில் கோடு விழுகிறதோ அதுதான் சோப்ளாங்கி என்றான். அது அத்தனையும் பொய்யென்று சொல்ல முடியாது. முக்கால்வாசி உண்மைதான். மிச்சக் கால்வாசியை முழுங்கிவிட்டான்.

எதை எதன்மேல் தேய்க்க வேண்டும் என்பதையும் அவனே காட்டினான். மூக்காயி மாக்கல்லின் விளிம்பைப் பிடித்து வெங்கச்சங்கல்லின் மேல் ஒரு இழு இழுத்தாள். செம்மண் கறைக்கு மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு!

"பாத்தியாக்கா, காயம் பட்டுருச்சு! இதையா வாசலுக்கு வைக்கப் போற? அதைக் கொண்டுபோ" என்று மாக்கல்லைக் காட்டினான் சோணை.

மூக்காயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்குக் கோடிப் புண்ணியம்டா தம்பி என்று கும்பிடு போட்டாள். சோணை அதற்குமேல் அங்கே நிற்பானா? விருந்துக்குச் சொல்ல நரியிடம் பறந்துவிட்டான்.

மூக்காயி மாக்கல்லை உருட்ட ஆரம்பித்தாள். பத்தடி போவதற்குள் நாக்கு வறண்டது. திரும்பி வந்து ஓடையில் இறங்கித் தண்ணீர் குடித்தாள். நனைந்த உடம்போடு, வேண்டாமென்று ஒதுக்கிய கல்லின் மேலேறி உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறினாள். பிறகு எழுந்தவள் யதேச்சையாகக் கீழே பார்த்தாள்.

கோட்டைக் காணோம்!

கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புரட்டிப் போட்டுப் பார்த்தாள். கோடு இருந்த அடையாளமே இல்லை. தன் வயிற்றைப் பார்த்தால் அங்கே வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. நிஜமான காயமென்றால் உட்கார்ந்து எழுந்தால் போய்விடுமா? அப்படியானால் இந்தக் கல் கீறுபடவே இல்லை. தேய்த்த கல்தான் தன் உடம்பைக் கரைத்து இதன் மேல் பூசியிருக்கிறது!

ஓட்டமாய் ஓடி மாக்கல்லைத் திரும்ப உருட்டி வந்தாள். இந்த முறை வெங்கச்சங்கல்லின் முனையை மாக்கல்லின் மேல் இழுத்தாள். கோடு விழுந்தது. ஈர வாலால் அதை அழுத்தித் துடைத்தாள். மாவு போயிற்று, பள்ளம் போகவில்லை. மீசையை வைத்து வருடினாள், பள்ளத்தில் மீசை தட்டியது.

"அடப்பாவி சோணை! என் புள்ளைகளையே கொடுக்கப் பார்த்தியே!" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தம் பிடித்து வெங்கச்சங்கல்லை உருட்டினாள், தள்ளினாள், இழுத்தாள். வாசலில் அண்டக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தாள். மாக்கல்லில் ஒரு துண்டை உடைத்து எடுத்து வந்து, வெளியே தெரியும் பக்கம் முழுக்க மொழுக் மொழுக்கென்று மாவாகத் தேய்த்துவிட்டாள். பிறகு உள்ளே போய், கல்லை இழுத்து இறுக்கி, குட்டிகளை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரம் நல்லதம்பி வந்தான். கூடவே சோணையும் வந்து பாறைமேல் உட்கார்ந்தான்.

நல்லதம்பி நகத்தால் லேசாக ஒரு கீறு கீறினான். பொலபொலவென்று மாவு உதிர்ந்தது. "மாக்கல்லேதான்டா! பலே!" என்று சோணையைப் பாராட்டினான். இரண்டாவது கீறலுக்கும் மாவு வந்தது. அவனுக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. நாலு நாழிகைப் பொறுமை வைத்திருந்தானா? இல்லையே! கால் நகம் பத்தையும் ஊன்றி, பல்லையும் சேர்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரே போடாகப் போட்டான்.

மளுக்கென்று ஒரு சத்தம். உடைந்தது கல் இல்லை. நகங்கள் மூன்று தெறித்தன, முன்பல் ஒன்று சோணையின் காலடியில் போய் விழுந்தது.

"அய்யோ! என் பல்லு!" என்று நரி போட்ட ஊளையில் ஓடைத் தவளைகளெல்லாம் வாயை மூடிக்கொண்டன. மாக்கல் என்று பொய் சொன்னவன் எங்கே என்று திரும்பினான். சோணை அதற்குள் அடுத்த மலைக்குப் பறந்திருந்தான். இனி அவனுக்கு யார் மிச்சம் வைப்பார்கள்?

உள்ளே மூக்காயி கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது அசையவே இல்லை. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

மேலே ஒட்டியிருக்கும் கறையைக் காயமென்று நம்பி எதையும் யாரையும் ஒதுக்கிவிடாதே, துடைத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்.