நாப்பது செகண்டு

குருவுக்கு வயசு இருபத்தெட்டு. சிஷ்யனுக்கு ஐம்பத்தி மூணு.

குரு பேரு பிரின்ஸி. சின்னக் கம்பெனிகளுக்கு நெட் போன் போட்டுக் குடுக்கறவ. சிஷ்யன் தங்கப்பழம் அண்ணாச்சி. திருநெல்வேலில லிப்ட் ரிப்பேர் கம்பெனி வச்சிருக்கார். மெக்கானிக் ரெண்டு பேரு. போன் எடுக்க நாலு பொண்ணுங்க, நாலு ஊர்ல, அவங்கவங்க வீட்டுல. நாலு வீட்டையும் ஒரே நம்பர்ல கோத்துக் குடுத்தது பிரின்ஸி. அன்னையிலிருந்து அண்ணாச்சி அவள "குருவே"ன்னுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி பயம்.

ஒரு நாள் காலைல அவ ஆபீஸுக்கு வந்தார். நாலாவது மாடி. அந்த பில்டிங் லிப்டப் பாத்துக்குறதும் அவர் கம்பெனிதான். கையில ரிப்போர்ட்டு.

"குருவே, எந்தக் காலும் நாப்பது செகண்டுல முடியணும்னு உத்தரவு போட்டேன். கோவில்பட்டி வேணியப் பாருங்க, முப்பத்தெட்டு. தங்கம்! காயல்பட்டினம் மைமூனப் பாருங்க. பதினொரு நிமிஷம். லிப்டுல மாட்டினவன்கிட்ட அப்படி என்னம்மா பேச்சு? கல்யாண சம்பந்தமா பேசுறா?"

"கேட்டுப் பாத்தீங்களா? எல்லாக் காலும் பதிவாகுதே."

"பதினொரு நிமிஷம் உக்காந்து யாரு கேக்குறது?"

போன நீட்டினார். மைமூனுக்கு மெசேஜ் ரெடியா இருந்துச்சு: நாளைலேருந்து வேலைக்கு வர வேண்டாம்.

"அவங்க என்னைக்கு வந்தாங்க அண்ணாச்சி? வீட்டுலதான இருக்காங்க."

"அத விடுங்கம்மா. அனுப்பவா, வேண்டாமா?"

பிரின்ஸி எந்திரிச்சா. "வாங்க, கீழ போய் டீ குடிப்போம்."

லிப்டுக்குள்ள அண்ணாச்சி போனார். குரு போகல. கதவு மூடி, பெட்டி கொஞ்சம் இறங்கினதும் பக்கத்துச் சுவர்ல இருந்த லிப்ட் மெயின் சுவிட்ச ஆப் பண்ணிட்டா.

"குருவே! குருவே! ஒரே இருட்டு!"

"எமர்ஜென்சி லைட் எரியலயா?"

"எரியல!"

"போன மாசம் மாத்தினதா இங்க சர்வீஸ் கார்டுல எழுதியிருக்கு. கையெழுத்து உங்களுதுதான்."

உள்ளேருந்து கதவ டம் டம்னு தட்டினார்.

"நம்ம நம்பருக்கு அடிங்க அண்ணாச்சி."

கூப்பிடுறவங்க நம்பர் பொண்ணுங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு ஏற்பாடு பண்ணச் சொன்னதே அவர்தான். குரலையும் கொஞ்சம் மாத்திக்கிட்டு அடிச்சார்.

வேணி எடுத்தா. எந்த பில்டிங்னு கேட்டா. சொன்னார்.

"கம்ப்ளெயின்ட் நம்பர் நானூத்திப் பதினேழு மெக்கானிக் வருவார் வேற எதாவது உதவி வேணுமா நன்றி."

"ஏம்மா, இங்க இருட்டா..."

டொக்.

முப்பத்தாறு செகண்டு. வெளிய நின்னிருந்தா கை தட்டியிருப்பார்.

மறுபடி அடிச்சார். இந்தத் தடவ குரல மாத்தல. அதுவே மாறிடுச்சு.

"சொல்லுங்கண்ணே, எங்க மாட்டியிருக்கீங்க?"

மைமூன்.

இடத்தச் சொன்னார். "மூச்சு முட்டுதும்மா."

"முட்டாது. மேல காத்து வர்ற ஓட்டை இருக்கு. கதவ நோண்டாதீங்க. தரையில உக்காருங்க. உக்காந்தாச்சா?"

"ம்."

"மெக்கானிக் கிளம்பியாச்சு. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"எத்தன?"

"...ஆறு."

"ஆறா? அதான் லிப்ட் நின்னுடுச்சு."

இருட்டுல அண்ணாச்சி சிரிச்சார். சிரிப்பு பாதில வேற மாதிரி ஆயிடுச்சு.

"போன வச்சிராதம்மா."

"கதவு திறக்குற சத்தம் என் காதுல விழணும். அப்புறம்தான் வைப்பேன். சட்னியா, சாம்பாரா?"

பத்தொன்பதாவது நிமிஷம் மெக்கானிக் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அதுக்கப்புறம்தான் குரு சுவிட்ச போட்டா. பெட்டி மேல வந்துச்சு. கதவு திறந்துச்சு. போன்ல "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு ஒரு குரல். கட்.

அண்ணாச்சி வெளிய வந்தார். சட்டை முழுக்க ஈரம். யாரையும் பாக்கல. மெசேஜ அழிச்சார். ஒரு பாட்டில் தண்ணி குடிச்சார். மறுபடி போன எடுத்து வேகமா எதையோ அடிக்க ஆரம்பிச்சார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"கோவில்பட்டிக்கு. அந்த வேணிய இன்னையோட நிறுத்துறேன் குருவே. முப்பத்தாறு செகண்டாம், முப்பத்தாறு! மனுசியா அவ?"

லிப்ட் கதவு மூடப் போச்சு. குரு காலக் குடுத்து நிறுத்தினா.

"உள்ள போங்க அண்ணாச்சி."