மேல்வாய் மூடிய சூளை

"அம்மா, நான் மாறவே இல்லை" என்றார் தில்லைவனம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு உமையாள் அம்மைக்கு நாற்பத்தொன்று. மலைமேல் இருந்த மடத்துக்குத் தில்லைவனம் வந்து ஒன்பது வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அதற்கு முன் கல்லுடைக்கும் குழியில் வெடிக்குத் தீ வைக்கிறவராக இருந்தார்.

"மனசுக்குள் ஒன்று கிடக்கிறது, அம்மா. அதை வெளியே விடாமல் அடக்கி வைத்துத் தவத்தில் எரிக்கிறேன். வந்த அன்று எவ்வளவு கனமோ இன்றும் அவ்வளவு கனம்."

அது என்ன என்று அம்மை கேட்கவில்லை.

"அண்ணாச்சி, தொட்டிக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுட்டுத் தருகிறீர்களா?"

மடத்தின் மழைநீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. மலையில் வேறு தண்ணீர் கிடையாது. மழைக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. காய்ந்த விறகு இரண்டு முறை சூளை எரிக்கத்தான் காணும். அதற்குள் தொட்டியைப் பூசாவிட்டால் பத்தொன்பது பேரும் மடத்தைப் பூட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

தில்லைவனம் சூளைக்குப் போனார்.

சுண்ணாம்புக்கல்லைப் பலாப்பழம் அளவில் அடுக்கினார். ஒரு கல்லை மட்டும் தூக்குக்கோலில் நிறுத்தார். சரியாக நூறு பலம். அதில் உளியால் குறி போட்டு நடுவில் வைத்தார்.

தீ மூட்டியதும் சூளையின் மேல்வாய் வழியே சூடெல்லாம் வானத்துக்குப் போவதைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. பானையை மூடினால்தானே சோறு சீக்கிரம் வேகும். களிமண் குழைத்து மேல்வாயை அடைத்தார். புகை போக விரல் அளவு ஓட்டை ஒன்று விட்டார்.

மூன்று நாள் எரித்தார். அடியில் கற்கள் சிவப்பதைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு கீழ்வாயையும் அடைத்து, உள்சூட்டிலேயே இன்னும் வேகட்டும் என்று மூன்று நாள் விட்டார்.

ஏழாம் நாள் குறி போட்ட கல்லை எடுத்து நிறுத்தார். தொண்ணூற்றேழு பலம்.

தண்ணீரில் போட்டார். குட்டையில் இறங்கிய எருமை மாதிரி அது சும்மா கிடந்தது.

சமையல்காரர் கொம்பையா எட்டிப் பார்த்தார். "வெந்துவிட்டதா அண்ணாச்சி? குழம்புக்கு மிளகாய் அரைக்கட்டுமா?"

தில்லைவனம் கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்தார். அன்று மத்தியானம் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மையின் முன் வந்து நின்றார்.

"விறகில் பாதியைப் பாழாக்கிவிட்டேன். கல்லும் மாறவில்லை, நானும் மாறவில்லை. உத்தரவு கொடுங்கள்."

அம்மை சமையற்கட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார். அதை அறுத்து, குறி போட்ட கல்லின் மேல் பிழிந்தார்.

கல் சீறியது. சாறு பட்ட இடமெல்லாம் நுரைத்தது.

"இது என்ன, அண்ணாச்சி?"

"நுரை."

"நுரைக்குள்?"

தில்லைவனம் குனிந்து பார்த்தார். குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. "காற்று மாதிரி ஏதோ. கல்லின் மூச்சு என்று வைத்துக்கொள்ளலாம்."

"புளிப்புக்கே விடுகிற மூச்சை மூன்று நாள் தீயில் விடாமலா இருந்திருக்கும்?"

"விட்டிருக்கும்."

"எங்கே போனது?"

அம்மை சூளையின் மேல்வாயிலிருந்து பெயர்த்த களிமண் ஓடு ஒன்றை எடுத்து அவருடைய மூட்டையின் மேல் வைத்தார்.

தில்லைவனம் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"போக இடமில்லை" என்றார் கடைசியில். "சூடு ஆறினதும் கல்லுக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கும். தீ குறைவு என்று நினைத்தேன்."

"தீ போதும்" என்றார் அம்மை.

தில்லைவனம் மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சம்மட்டியைத் தேடினார்.

இந்த முறை கற்களைக் கைப்பிடி அளவுக்கு உடைத்தார். நடுவில் இருப்பது வெளியே வர நெடுந்தூரம் இருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியது. நூறு பலத்துக்கு ஏழு கற்கள் நின்றன. ஏழிலும் குறி போட்டார். மேல்வாயைத் திறந்தே விட்டார்.

சூடு வானத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு கட்டு விறகுக்கும் அவர் வயிறு எரிந்தது. ஆனாலும் மூடவில்லை.

மூன்றாம் நாள் மாலை கடைசி மூன்று கட்டுதான் மீதி. அம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்து விறகை எடுத்துக் கொடுத்தார்.

தீயைப் பார்த்தபடியே தில்லைவனம் பேசினார்.

"குழியில் வெடிமருந்து கெட்டித்துவிட்டு என் மைத்துனன் ஓடுவான். நான் பத்து எண்ணிவிட்டுத் திரியைக் கொளுத்த வேண்டும். அன்று ஏழுதான் எண்ணினேன். அவனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. திரி கெட்டதாக இருந்திருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்."

அம்மை அடுத்த விறகை நீட்டினார். அவர் வாங்கிச் சூளைக்குள் தள்ளினார்.

சூளை ஆறியதும் குறி போட்ட ஏழு கற்களையும் எடுத்தார். அளவு குறையவில்லை. கையில் எடுத்தால் மட்டும் நெட்டி மாதிரி லேசாக இருந்தன. நிறுத்தார். ஐம்பத்தேழு பலம். நம்பாமல் இன்னொரு முறை நிறுத்தார். அதே ஐம்பத்தேழு.

ஒன்றை அம்மையிடம் கொடுத்தார். அம்மை தண்ணீர்ச் சட்டியில் போட்டார்.

முதலில் கல் தண்ணீரைக் குடித்தது. பிறகு முனகியது. பிறகு வெடித்து, மலர்ந்து, வெண்மாவாக உதிர்ந்தது. சட்டித் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

கொம்பையா இரண்டடி பின்னால் போனார். "அடுப்பு இல்லாமலா? நாளைக்கு உலையை இதன் மேலேயே வைத்துவிடலாம் போலிருக்கே."

தில்லைவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. "தீ அணைந்து இரண்டு நாளாயிற்று, அம்மா. கல் கையில் சில்லென்றுதான் இருந்தது. இந்தச் சூடு எங்கே இருந்தது?"

"நீங்கள் போட்ட விறகு, அண்ணாச்சி. எல்லாமா வானத்துக்குப் போயிற்று?"

நீற்றிய சுண்ணாம்பு ஆறியதும் அம்மை அதில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்து காட்டினார். நுரை வரவில்லை.

மழைக்கு ஐந்து நாள் முன்னால் தொட்டியைப் பூசி முடித்தார்கள். முதல் மழையைப் பிடிக்காமல் மடையைத் திறந்து விட்டார்கள். அடுத்த மழையில் தொட்டி நிறைந்தது. தில்லைவனம் ஒரு கோலில் அளவு குறித்து எட்டு நாள் பார்த்தார். சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஒன்பதாம் நாள் கீழே இறங்கி மைத்துனன் ஊருக்குப் போனார்.

தை மாதம் திரும்பி வந்தார். ஏழுதான் எண்ணியதைச் சொன்னதும் மைத்துனன் ஒரு நாள் முழுக்கப் பேசவே இல்லையாம். மறுநாள் காலையில், ஆற்றுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று மட்டும் சொன்னானாம். இவர் நாற்பத்தாறு நாள் கைப்பிடித்துக் கூட்டிப்போயிருந்தார். இனி மாதத்தில் பாதி அங்கே இருக்க உத்தரவு கேட்டார். அம்மை கொடுத்தார்.

இருந்தும் தில்லைவனம் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன, அண்ணாச்சி?"

"சொல்லிவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். போகத்தான் போயிற்று. ஒரு மாதம் காற்றாக இருந்தேன். இப்போது திரும்பி வருகிறது. எட்டு, ஒன்பது, பத்து. கண்ணை மூடினால் அந்த மூன்று எண்ணும் வந்து நிற்கின்றன."

அம்மை அவரைத் தொட்டிக்கு அழைத்துப்போனார். தண்ணீருக்கு மேலே, காற்றுப் படும் விளிம்பில் பூசிய சுண்ணாம்பை நகத்தால் சுரண்டப் பார்த்தார். முடியவில்லை. கல்லாகியிருந்தது.

அதன் மேல் எலுமிச்சையைப் பிழிந்தார்.

நுரைத்தது.

தில்லைவனம் முகம் வெளிறிப்போய்ப் பார்த்தார். "மூச்சு திரும்பி வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது."

"மறுபடியும் அதே கல்லா?"

"அதே கல்."

"அப்படியென்றால் எரித்த விறகெல்லாம் வீண்தானா, அம்மா?"

அம்மை குனிந்து, அந்தக் கல் கசியாமல் தாங்கிய தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு அவரிடம் நீட்டினார்.

"குடியுங்கள், அண்ணாச்சி."